வாரம் ஒரு நாள் மாத்திரை

காலையில் எழுந்ததும் காபி டம்ளரைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. இடுக்கியை அழுத்திப் பாத்திரத்தை இறக்க முடியவில்லை. வெயில் ஏறினால் ஒருவாறு சரியாகிவிடுகிறது. இப்படி வரும் பெண்களில் பலர், "துணி துவைத்த அசதி, டாக்டரம்மா" என்று காரணத்தையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். அசதி என்றால் படுத்து எழுந்ததும் போகணுமே? இது படுத்து எழுந்த பிறகுதானே வருகிறது!

இரண்டு கைகளிலும் சின்ன மூட்டுகள் வீங்கி, காலை விறைப்பு அரை மணி, ஒரு மணி என்று நீடித்து, ஆறு வாரமாகியும் விடவில்லையா? முடக்கு வாதமாக இருக்கலாம். பாட்டிமார் சரவாங்கி என்பார்களே, அதுதான். வயதானவர்களின் முழங்கால் தேய்மானம் வேறு. இது முப்பது வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம்.

உருளைக்கிழங்கின் மேல் பழி போடாதீர்கள், பாவம். கிருமிகளோடு சண்டை போட நம் உடம்பில் ஒரு காவல் படை உண்டு. அது ஆள் தெரியாமல் சொந்த மூட்டின் உள்சவ்வையே தாக்குவதுதான் இந்த வியாதி. டி.என்.எஃப். போன்ற ரசாயனங்கள் தூது போய் மேலும் மேலும் ஆள் சேர்க்கும். சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடும். அரித்தது திரும்பாது. அதனால்தான் சீக்கிரம் வாருங்கள் என்கிறோம்.

வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும், அரிப்பை நிறுத்தாது. ஸ்டீராய்டு கதை வேறு. கர்ப்பமான பெண்களுக்கு இந்த வலி தணிவதைக் கவனித்தவர் அமெரிக்காவில் மேயோ கிளினிக் டாக்டர் பிலிப் ஹென்ச். உடம்பே ஏதோ மருந்து சுரக்கிறது என்று தேடியவர், 1948ல் ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் ஊசி போட்டார். நடக்கத் திணறியவள் சில நாட்களிலேயே நடந்தாள்! 1950ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். மெதுவாக வேலை செய்யும் மருந்து பிடிக்கும்வரை கொஞ்ச நாள் கைகொடுக்கத்தான் இது. திடீரென்று நீங்களாக நிறுத்தவும் கூடாது.

அந்த மெதுவான மருந்துகளில் முதன்மையானது மெதோட்ரெக்ஸேட். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். "ஒன்றும் கேட்கலையே" என்று பாதியில் விடாதீர்கள். இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரை மாதிரி தினமும் போட்டுக்கொண்டால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதே நின்று, உயிருக்கே ஆபத்து. அட்டையின் மேல் "செவ்வாய் மட்டும்" என்று பெரிதாக எழுதி வையுங்கள். மாமியாருக்கு நீங்கள் எடுத்துக் கொடுப்பவரானால், நீங்கள் ஊருக்குப் போகும்போது வேறு யார் கொடுப்பார்களோ அவர்களிடமும் சொல்லுங்கள். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கல்லீரலையும் ரத்த அணுக்களையும் அதில்தான் பார்க்கிறோம். காய்ச்சல், வாய்ப்புண், மூச்சுத்திணறலோடு வறட்டு இருமல் வந்தால், அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

இதற்கும் கேட்காதவர்களுக்கு டி.என்.எஃப்.பைத் தடுக்கும் ஊசிகள் உண்டு. விலை அதிகம், உள்ளே டி.பி. பதுங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே போட வேண்டும்.

இளம் பெண்களுக்குத் தனியாக ஒன்று. மெதோட்ரெக்ஸேட் கருவைக் கலைக்கும், குழந்தைக்கு ஊனமும் உண்டாக்கும். சாப்பிடும்வரை கருத்தடை அவசியம். பால் கொடுக்கும்போதும் ஆகாது. "புது மருமகள், இதையெல்லாம் எப்படிக் கேட்பது?" என்று கூச்சப்படாதீர்கள். குழந்தை வேண்டும் என்று நினைத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். வழக்கமாக மூன்று மாதம் முன்பே இதை நிறுத்திவிட்டு, ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலஸின் போன்ற, கர்ப்பத்திலும் தரக்கூடிய மருந்துக்கு மாற்றுவோம். மாத்திரை சாப்பிடும்போதே நாள் தள்ளிப்போனால், அடுத்த வேளையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கர்ப்பத்தில் அடங்கிய வலி பிரசவமான சில மாதங்களில் பலருக்குத் திரும்பும். குழந்தையைத் தூக்கவே கை வராமல் போகலாம். அந்த நாட்களுக்கு ஆள் துணையை இப்போதே பேசி வையுங்கள்.