படுத்திருப்பவரைக் கேட்டீர்களா?

திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாளென்றால் தெருவில் நடக்க இடமிராது. முருகன் தெய்வானையைக் கட்டிய ஊர் என்று பல ஜில்லாக்காரர்கள் அங்கு கல்யாணம் செய்ய வருகிறார்கள். பந்திக்கு எத்தனை இலை, மேளம் யார், மொய் எழுதுவது யார் என்பதெல்லாம் மாதக்கணக்கில் முந்தியே முடிவாகிவிடுகிறது. ஆனால், அதே வீட்டில் புற்றுநோயால் படுத்திருக்கும் தாயாரிடம், "அம்மா, கடைசிக் காலத்தில் உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்க ஒருவருக்கும் வாய் வருவதில்லை. கேட்டால் அபசகுனமாம்! கேட்காவிட்டால் சாவு திரும்பிப் போய்விடுமா என்று கேட்கிறோம்.

கேட்காததன் பலனென்ன? பணமுள்ள வீட்டில், பிழைக்கமாட்டார் என்று தெரிந்த பிறகும், தொண்டையில் குழாய் செருகிக் கண்ணாடிக் கதவுக்குள் வைத்து, பெற்ற பிள்ளையின் முகங்கூடக் காணாமல் சாகவிடுகிறார்கள். 'பார்க்காமல் விட்டான்' என்று ஊர் பேசுமே என்ற பயத்தில் நிலத்தை விற்றும் இதைச் செய்கிறார்கள். பணமில்லாத இடத்திலோ தலைக்கூத்தல்! எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்றி, இளநீர் புகட்டி முதியோரைக் கொல்லும் இக்கொடுமை 2010-ல் விருதுநகர் பக்கத்தில் வெளிப்பட்டுச் சந்தி சிரித்தது. ஒன்று சாகவிடாத கொடுமை, மற்றொன்று கொலை. படுத்திருப்பவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதில் இரண்டும் ஒன்றே.

நிற்க, மானத்தோடு சாவதும் மனிதனுடைய உரிமையே என்று 2018 மார்ச் 9-ல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தார்கள். பிழைக்க வழியில்லாத நிலையில் இயந்திரத்தால் உயிரை இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்று புத்தி தெளிவாயிருக்கும்போதே எவரும் எழுதி வைக்கலாம். தமக்காகப் பேசவேண்டியவர் பெயரையும் அதில் குறிக்க வேண்டும். 2023 ஜனவரியில் முறை எளிதாக்கப்பட்டது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட் பதவி அதிகாரியிடமோ அத்தாட்சி பெற்றால் போதும்.

"சொத்துக்காகப் பிள்ளைகள் அவசரப்படுத்தமாட்டார்களா?" என்பார்கள். நியாயமான பயந்தான். அதனால்தான் எழுதுகிறவர் நோயாளியே என்றும், டாக்டர்களின் இரண்டு குழுக்கள் ஒப்பவேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். எழுதியதை அவர் எப்போதும் மாற்றலாம். விஷ ஊசி போடுவதற்கு இதில் இடமே கிடையாது.

அன்றியும், இயந்திரம் வேண்டாமென்பது கவனிப்பு வேண்டாமென்பதாகாது. வலி தீர்ப்பதும், படுக்கைப்புண் வராமல் காப்பதும், பக்கத்திலிருந்து பேசுவதும் கடைசி மூச்சுவரை நடக்கவேண்டும். 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோவு தணிக்கும் வேலை கேரள நாடெங்கும் வீடுவீடாகப் பரவிற்று. நம் நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் இவ்வேலை சேர்க்கப்பட்டது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். வலியை முன்ஜென்ம வினை என்று சொல்லுகிறவர், தமக்குப் பல் வலித்தால் டாக்டரிடம் ஓடாமலிருக்கிறாரா?

ஆகவே தோழர்களே! கல்யாணப் பத்திரிகைக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு மணியை இதற்கு ஒதுக்குங்கள். முதலில் உங்கள் விருப்பத்தை எழுதுங்கள். பிறகு பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்லுவதைக் கேட்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகும். செத்த பின் போடும் பிண்டம் அவர்கள் வாய்க்கு எட்டப்போவதில்லை.