தோட்டமும் நாமும்: கிணற்றில் ஒரு பங்கு



மொன்றியலில் 1975ஆம் ஆண்டு முதல் சமூகத் தோட்டங்கள் நடந்து வருவதும், நம்மவர் சிலர் அங்கே ஒரு துண்டு நிலம் எடுத்துக் கத்தரியும் மிளகாயும் வைப்பதும் நீங்கள் அறிந்ததே. புல் மண்டவிட்டால் அந்தத் துண்டு கைமாறிக் காத்திருப்பவர் ஒருவருக்குப் போய்விடும். களை பிடுங்கியபடி இதைப் பேத்திக்குச் சொன்னேன். "அப்பப்பா, அப்ப ஊரில உங்கட தோட்டத்தை யார் பார்க்கினம்?" என்று கேட்டாள். எனக்கு வாய் எழவில்லை.

வலிகாமத்தில் எங்களுக்கு எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர், செம்மண் தோட்டம். விடியமுன் இறைப்புத் தொடங்கும். ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, இன்னொருவர் வாய்க்காலோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்புவார். இறைப்பு மிசின் வந்தபின் துலா ஓய்ந்தது. மற்ற வேலைகள் ஓயவில்லை. வெங்காயத்துக்குப் புல் பிடுங்க வேண்டும்; மாட்டுக்கு வைக்கோல், ஆட்டுக்குக் குழை. வருடந்தோறும் வேலி அடைப்பு. புது ஓலை வேலிக்கு ஏற, உக்கிய பழைய ஓலை தோட்டத்தில் தாழ்ந்து எருவாகும். கதியாலாக நிற்கும் பூவரசின் குழையும் அப்படியே. எதுவும் வீணாகவில்லை, எதுவும் தானாக நடக்கவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் தாய் கிணறுதான். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஒக்ரோபர் தொடக்கம் டிசெம்பர் வரை பெய்யும் மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். ஆகவே முறை வைத்து இறைத்தார்கள். காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதப்பட்டன. பங்கு என்றால் தண்ணீரில் மட்டுமல்ல. கோடையில் நீர் குறைந்ததும் சேறு அள்ளுவதிலும் பங்கு.

நாமும் பிழை விடாமல் இருக்கவில்லை. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை வந்தபோது, பசளைப் பையை அவிழ்த்துக் கொட்டினோம். இன்று வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீருக்கான அளவைத் தாண்டி நிற்கிறது. குழையும் எருவும் பழங்கதை அல்ல என்பது இப்போது விளங்குகிறது.

எங்கள் கிணற்றுக்கு ஐந்து பங்கு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி ஊரோடு இடம்பெயர்ந்த ஐந்து குடும்பங்களில், திரும்பிப் போய்க் குடியிருப்பவர் பெரியம்மாவின் மகள் மட்டுமே. வயது எழுபத்தெட்டு. தன் பங்குக்கு மட்டுமல்ல, நம் எல்லோருடைய பங்குக்கும் சேர்த்துக் கூலி கொடுத்துச் சேறு அள்ளுவித்திருக்கிறார். எங்களிடம் ஒரு சதமும் கேட்டதில்லை. நானும் விசாரித்ததில்லை. காணி என்ன விலை போகிறது என்று மாத்திரம் கேட்டிருக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பேத்தியின் கேள்விக்குப் பின் அன்றிரவே தொலைபேசி எடுத்தேன். எவ்வளவு காசு அனுப்ப வேண்டும் என்றேன்.

"காசு கிடக்கட்டும் தம்பி. கிணத்துக் கட்டுக்குள்ள ஆலங்கன்று முளைச்சிட்டுது. வேர் இறங்கினால் கட்டு வெடிச்சுப் போம். மாரிக்கு முன்னம் வெட்ட ஒரு ஆள் பிடிச்சுத் தா" என்றார்.

ரொறன்ரோ, லண்டன், பாரிஸில் உள்ள மற்றப் பங்காளரோடு பேசினேன். இருவர் உடனே சம்மதித்தார்கள். ஒருவர் விற்றுவிடலாம் என்கிறார். அவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆள் பிடித்தாயிற்று, ஆலங்கன்று வெட்டியாயிற்று.

அன்பர்களே, உங்கள் பெட்டிக்குள்ளும் ஓர் உறுதி இருக்கக்கூடும். எடுத்துப் பாருங்கள். கிணற்றுப் பங்கு என்று எழுதியிருந்தால், சென்ற கோடையில் சேறு அள்ளியவர் யார் என்று ஒரு தரம் விசாரியுங்கள். விலை கேட்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த இதழில், இங்கே ஒக்ரோபரில் ஊன்றி ஜூலையில் கிளப்பும் உள்ளியைப் பற்றி எழுதுகிறேன்.