ஆயா வராவிட்டால் பால்வாடிக்குப் பூட்டா?

வணிகச் சகோதரர்களே! கடைப்பையன் ஒருநாள் வராவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டா போகிறீர்கள்? மாற்று ஆள் பிடிக்கிறீர்கள். பால்வாடியில் மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். 1975-ல் தொடங்கிய திட்டத்தின் கணக்கு இது. பிள்ளைகளை அழைத்து வருவது, சமைப்பது, கழுவிவிடுவது எல்லாம் உதவியாளர்தான். அவர் வராத நாளில் பணியாளர் உலையைப் பார்ப்பாரா, மூன்று வயதுப் பிள்ளைகளைப் பார்ப்பாரா? பக்கத்து மையத்து ஆயாவுக்குக் 'கூடுதல் பொறுப்பு' கொடுத்தால் அந்த மையத்தை யார் பார்ப்பது?

சூடான உணவு 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை. யாரும் போடும் பிச்சையல்ல!

உடனே அந்த ஏழைப் பெண்மீது பாயாதீர்கள். 2018-ல் மத்திய அரசு உயர்த்தி அறிவித்ததே மாதம் 2,250 ரூபாய்தான். மாநிலம் தன் பங்கைச் சேர்க்கிறது. அதற்காக அவருக்குக் காய்ச்சலே வரக்கூடாதா? பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022-ல் உச்ச நீதிமன்றம் வரவேண்டியிருந்தது!

உங்கள் பிள்ளை கான்வென்ட் போகலாம். உங்கள் கடையில் மூட்டை தூக்குகிறவரின் பிள்ளை பால்வாடியில்தான் சாப்பிடுகிறது.

இளைஞர்களே! உங்கள் தெரு மையத்தில் சமைக்காத நாள்களைத் தேதியோடு குறியுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுங்கள். வட்டாரந்தோறும் மாற்று உதவியாளர் பட்டியல் கேளுங்கள். மனு ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.