இன்னும் அந்தச் சின்னக் கமெரா எதற்கு?

"என்னத்துக்கு சேர் இன்னும் இந்தக் கமெராவத் தூக்கிக்கிட்டுத் திரியிறீங்க? போன்லயே எடுக்கலாமே!"

ஒவ்வொரு விளையாட்டுப் போட்டியிலும் பரிசளிப்பு விழாவிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுவார். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இன்று கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

என்னுடையது சட்டைப்பையில் அடங்கும் கமெரா. கம்பெனிப் பெயரைச் சொன்னால் கொமன்டில் சண்டை தொடங்கும், வேண்டாம். 2012இல் சோனி ஆர்எக்ஸ்100 வந்த பிறகு பெருகிய வகை. 'ஒரு இஞ்சி சென்சர்' என்பார்கள். உண்மையில் அது 13.2க்கு 8.8 மில்லிமீற்றர்தான். பெயரில் பெருமை கொஞ்சம் கூடுதல்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். பெட்டரி பகல் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும். வெயிலில் திரை கண்ணாடியாகிவிடும், என் முகம்தான் தெரியும். வீடியோ பட்டன் சரியாகக் கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கிறது. நூறு மீற்றர் இறுதிப் போட்டியை எடுத்துவிட்டேன் என்று நிம்மதியாக நின்றுகொண்டு, என் செருப்பை ஒன்றரை நிமிடம் வீடியோ எடுத்திருக்கிறேன். மண்டபத்தின் பின்னால் நின்று சூம் பண்ணினால் லென்ஸுக்குள் வரும் வெளிச்சம் குறைந்து படம் கலங்கிவிடும். ஆகவே மேடைக்குக் கீழே போய்க் குனிந்து நிற்க வேண்டும். பிரதம அதிதிக்கு மறைக்கிறது என்று ஏச்சும் வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தலையிடி தூசி. லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும்போது மைதானத்துத் தூசியையும் சேர்த்து இழுக்கிறது. லென்ஸைக் கழற்றித் துடைக்க வழியில்லை. ஒரு வருடமாக எங்கள் ஊர் வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளியோடுதான் படம் எடுக்கிறேன்.

அப்படியிருந்தும் ஏன் விடவில்லை?

காலைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளைச் சீருடை, வெள்ளைப் பர்தா, இருநூறு பிள்ளைகள். எந்தக் கமெராவும் இதைப் பார்த்தால் வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்து இருட்டாக்கும். வெள்ளை சாம்பலாகும், முகம் கறுக்கும். போன் முகங்களைக் கண்டுபிடித்து, தானாகவே வெளுப்பாக்கி, மாப் பூசினது போல் வழுவழுப்பாக்கித் தருகிறது. என் கமெராவில் எக்ஸ்போஷர் சக்கரத்தை இரண்டு மூன்று கிளிக் கூட்டினால் போதும். சீருடை வெள்ளையாகவும் பிள்ளைகள் அவரவர் நிறத்திலும் வருவார்கள். நமது பிள்ளை என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று போன் செய்தவர் ஏன் முடிவெடுக்க வேண்டும்?

உச்சி வெயிலில் தொப்பி நிழலில் மறையும் முகத்துக்கும் இதில் வழி உண்டு. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் ஆயிரத்தில் ஒரு செக்கன் வேகத்திலும் இந்தக் குட்டி பிளாஷ் வேலை செய்யும். பெரிய கமெராக்கள் பல சாதாரணமாக இருநூற்றைம்பதில் ஒன்றோடு நின்றுவிடும்.

சென்ற வருடம் பரிசளிப்பு விழாவில் தரம் 8 பிள்ளை ஒருவர் கணிதத்துக்குப் பரிசு வாங்கினார். உம்மா நான்கு வருடமாகக் குவைத்தில் வேலை. ஒரு டீச்சர் அன்று மாலையே போனில் எடுத்த படத்தை அனுப்பிவிட்டார். இரவு எனக்கு வொய்ஸ் வந்தது. "போட்டோ வடிவா இருக்கு சேர். ஆனா புருவத்துக்கு மேல இருந்த தழும்பு எங்க? சின்னதுல கிணத்தடில விழுந்த காயம் அது. அழிஞ்சிட்டா?"

அழியவில்லை. அன்று காலையும் வகுப்பில் பார்த்தேன். போன்தான் அழித்திருந்தது.

என் படத்தை அனுப்ப இரண்டு நாள் ஆனது. கார்டைக் கழற்றிக் கம்பியூட்டரில் போட வேண்டும், அன்று கரண்டும் இல்லை. அதற்காகப் பேச்சும் வாங்கினேன். படம் போன பிறகு உம்மாவிடமிருந்து ஒரே ஒரு வரி: "இதுல இருக்கு சேர்."

இந்த வருட விளையாட்டுப் போட்டிக்கும் இதே கமெராதான். கொழும்பில் இதைக் கழற்றித் தூசி துடைத்துக் கொடுக்கும் நம்பிக்கையான ஆள் யாரையாவது தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். கேட்ட இடத்தில் சொன்ன விலைக்கு இன்னொரு பழைய கமெராவே பாதி வாங்கிவிடலாம்.