பழைய கட்டுரைக்கு இடமுண்டா?

பழைய கட்டுரைகளை மறுபிரசுரம் செய்வது புதிய எழுத்தாளனின் பக்கத்தைப் பறிப்பதாகும் என நண்பர் சிலர் வாதிடுகின்றனர். யாருக்குப் பழையவை என்று கேட்கிறோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. 1946இல் தோன்றி 1948இல் நின்ற ‘மறுமலர்ச்சி’யின் ஓர் இதழையேனும் கையிலெடுத்த மாணவர் எம் வகுப்பில் இல்லை. மக்கள் பேச்சுமொழி இலக்கியத்துக்கு ஆகுமா என்று அறுபதுகளில் மூண்ட மரபுப் போராட்டத்தை அவர்கள் பரீட்சைக் குறிப்பாகவே அறிவர். இரு தரப்பு வாதங்களையும் வாசியாமலே தீர்ப்பை மனனம் செய்கின்றனர்!

ஆயினும், அஞ்சலிக்காகவும் பக்கம் நிரப்பவும் (அதுவும் நடக்கிறது) செய்யும் மறுபிரசுரத்தை நாம் ஆதரியோம். எழுதப்பெற்ற ஆண்டைக் குறித்து, அருகிலேயே இன்றைய இளைஞன் ஒருவனின் மறுப்பையும் வெளியிடுக. வாழ்த்துச் செய்திகளைக் குறைத்தாலே வேண்டிய பக்கங்கள் கிடைத்துவிடும்.