தீவனத் தொட்டி கடையில் வாங்கியதன்று

திருவருகைக் காலம் தொடங்கியதும் நம் இல்லங்களில் எழும் முதல் கேள்வி, “இந்த ஆண்டு மரத்துக்கு என்ன வாங்குவது?” என்பதே. என்ன இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. சென்ற ஆண்டின் பிளாஸ்டிக் மரம் பரணில் கிடக்கிறது, நிறம் மங்கிவிட்டதாம். சீரியல் விளக்குகள் அட்டைப்பெட்டியில் சிக்குண்டு கிடக்கின்றன; சிக்கெடுப்பதைவிடப் புதிது வாங்குவது எளிதாம். இதை விழா மகிழ்ச்சி என்று சொல்ல நம் நா கூசுகிறது. இருப்பவர் தம்மைக் காட்டிக்கொள்ளவும் இல்லாதவர் தலைகுனியவும் பாலன் இயேசுவின் பெயரை நாம் கருவியாக்கிக்கொண்டோம் என்பதே உண்மை.

இப்பழியில் நமக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் கிறிஸ்துமஸ் மரப் போட்டி ஒன்றை அறிவித்தோம். நடுவர்களுள் ஒருவராக வீடு வீடாகச் சென்றோம். ஒரு வீட்டில் மண் நிரப்பிய எண்ணெய்த் தகரத்தில் சவுக்குக் கிளை ஒன்று நின்றது. தாயின் பழைய கண்ணாடி வளையல்கள், ஜிகினாத்தாள் சுற்றிய தீப்பெட்டிகள், திருமண அழைப்பிதழ்களில் வெட்டிய நட்சத்திரங்கள், பனையோலைக் கிலுகிலுப்பை, உச்சியில் அவ்வாண்டு இறந்த பாட்டியின் சுருக்குப்பை. அவ்வளவே அலங்காரம். மூன்று நிமிடம் நின்றோம். குறைந்த மதிப்பெண் இட்டோம். பரிசு, நகரத்துக் கடையிலிருந்து வந்த ஏழடி மரத்துக்குப் போயிற்று. புத்தாண்டுக்கு முன்பே அவ்வீட்டு முதியவருக்கு நற்கருணை கொண்டு சென்றபோது மரத்தைக் காணவில்லை. “பரிசு கிடைக்கலன்னு புள்ள அன்னைக்கே பிரிச்சுப் போட்டுட்டா, சாமி” என்றார் தாய். அடுத்த ஆண்டு அங்கும் கடை மரம் நின்றது, தவணையில் வாங்கியதாம். மறையுரை ஏதுமின்றி நாம் அக்குடும்பத்துக்குக் கற்பித்த பாடம் அது.

மரம் வைப்பதே மேலைநாட்டு வழக்கம், அதை ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பார் உண்டு. வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்திலேயே 1982-இல்தான், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் காலத்தில், முதன்முதலாக மரம் நிறுத்தப்பட்டது. வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதில் நமக்கு வழக்கில்லை. எப்படித் தொடங்கியது என்பதையே எண்ணிப் பார்க்கச் சொல்கிறோம். ஸ்திராஸ்பூர்க் நகர மக்கள் தம் வீட்டு மரங்களில் காகித ரோஜாக்களையும் ஆப்பிள்களையும் மெல்லிய அப்பங்களையும் தொங்கவிட்டதை 1605-ஆம் ஆண்டுக் குறிப்பொன்று காட்டுகிறது. ஆப்பிள் ஆதாமின் வீழ்ச்சியையும், அப்பம் நற்கருணையையும் நினைவூட்டின என்பர். ஜெர்மனியின் லவுஷா ஊரில் ஊதிச் செய்த கண்ணாடிக் குண்டுகள் வணிகப் பொருளானது 19-ஆம் நூற்றாண்டில்தான். அடுக்களையும் கத்தரிக்கோலும் அலங்கரித்த மரத்தைக் கடைத்தெரு பிற்பாடு கைப்பற்றியது.

“ஆண்டவருக்குச் செய்வதில் கஞ்சத்தனமா? பெத்தானியாவில் அப்பெண் விலையுயர்ந்த நறுமணத் தைலத்தை ஊற்றவில்லையா? கணக்குப் பார்த்தவன் யூதாசு அன்றோ?” என்று சிலர் நம்மை மடக்குவர். நல்ல கேள்வி. ஆனால் மாற்கு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் ஆண்டவர் அப்பெண்ணைப் பாராட்டும் சொற்களை உற்று நோக்குங்கள். அவளிடம் இருந்ததை அவள் செய்தாள் என்பதே அவற்றின் நேர்ப்பொருள். அண்டை வீட்டாரை விஞ்ச வேண்டுமென்று அவள் அதை உடைக்கவில்லை. கடன்பட்டு வாங்கிய ஏழடி மரத்துக்கு அவளைச் சாட்சிக்கு அழைப்பது அவளுக்கு நாம் இழைக்கும் அநீதி.

பெத்லகேமைப் பாருங்கள். வார்த்தையானவர் மனுவுருவானபோது விண்ணகத்திலிருந்து தொட்டில் இறங்கவில்லை. மாடுகளுக்காக ஏற்கெனவே அங்கிருந்த தீவனத் தொட்டியே தொட்டிலாயிற்று. அவரைக் கோவிலில் காணிக்கையாக்கிய பெற்றோர், ஆட்டுக்குட்டிக்கு வழியற்ற ஏழைகளுக்குத் திருச்சட்டம் அனுமதித்த இரு பறவைகளைக் கொண்டு சென்றனர், அதற்காக நாணவில்லை. கையிலிருக்கும் எளியதை எடுத்துப் புனிதமாக்குவதே மனுவுருவாதலின் வழி. ஆகவே வீட்டுப் பொருள்களால் அணிசெய்த மரம், வசதியற்றோர் வைக்கும் மாற்று மரமன்று. வசதியுள்ளோரும் வைக்கவேண்டிய முறையான மரம் அதுவே.

எனவே சொல்கிறோம்: பரணில் இருக்கும் பழைய மரத்தையே தூசி தட்டி நிறுத்துங்கள். அலமாரியைத் திறந்து, குழந்தையின் முதல் வளையலை, புதுநன்மை நாளின் ரிப்பனை, மறைந்தோர் விட்டுச்சென்ற சிறு பொருளைத் தொங்கவிடுங்கள். ஒவ்வொன்றையும் கட்டும்போது அதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். குடும்ப செபத்துக்கு அதைவிட நல்ல முன்னுரை இல்லை. மிஞ்சும் பணம், ஆடையற்ற கிறிஸ்துவாய் உங்கள் தெருவில் நிற்பவருக்கு உரியது.

நம் பங்கில் அந்தப் போட்டியை நிறுத்திவிட்டோம். அன்று மரத்தைப் பிரித்துப்போட்ட சிறுமி இன்று கல்லூரி மாணவி. அவளிடம் மன்னிப்புக் கேட்டபோது, சுருக்குப்பை இன்னும் பத்திரமாக இருப்பதாகச் சொன்னாள். இவ்வாண்டு ஆலயத்து மரத்தில் முதலாவதாகக் கட்ட அதைத் தரும்படி வேண்டியிருக்கிறோம்.