மிதிச்சாதான் சைக்கிள்

ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு டீம் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இ-சைக்கிள் செய்யும். பழைய சைக்கிள், 250 வாட் ஹப் மோட்டார், 36 வோல்ட் பேட்டரி, கைப்பிடியில் ஒரு த்ராட்டில். முறுக்கினால் ஓடும். டெமோவுக்கு அது போதும். ஆனா நாகமலை புதுக்கோட்டையிலிருந்து தினமும் காளவாசல் வரை போய் வரணும்னா?

நீங்களே கணக்கு போடுங்க. 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 270 வாட்-அவர். முழுசா முறுக்கி 250 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம் சொச்சம்தான் வரும். பேட்டரி பழசானால் அதுவும் குறையும். பெடல் அசிஸ்ட்டில் உங்க கால் 75 வாட் கொடுத்தால், மோட்டார் 175 கொடுத்தாலே போதும். அதே பேட்டரி ஒன்றரை மணி நேரம் வரும்.

ஐரோப்பாவில் மிதித்தால்தான் மோட்டார் உதவணும் என்பது விதி. நம்ம விதி வாட், வேகம், எடையைத்தான் பார்க்கிறது, மிதிக்கிறீங்களான்னு கேட்பதில்லை. அதுக்காக டிசைன் பண்ற நாமும் கேட்காம விடலாமா?

த்ராட்டிலே வேண்டாம்னு சொல்லலை. சிக்னலில் கிளம்பவும், முட்டி வலி உள்ளவங்களுக்கும் அது தேவை. ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. பெடல் சென்சார்னா கிராங்க் பக்கத்தில் ஒரு காந்தத் தட்டு, ஒரு ஹால் சென்சார், மூணு வயர். அவ்வளவுதான்.

ஜூனியர்ஸ், இந்தத் தடவை அதையும் மாட்டுங்க. இல்லைன்னா நீங்க செய்யறது மெதுவா ஓடுற ஸ்கூட்டர்தான்.